வாய்க்கு நேரே ஒரு கோடு

கறிக்கடைக்காரருக்குப் பக்கவாதம் வந்து கை விழுந்தபோது வீட்டில் இரண்டு பேர் அழுதார்கள். மகள் நிஜமாகவே அழுதாள். மனைவி அழுதது, ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. ஆஸ்பத்திரி வராந்தாவில் துணியை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினாளே தவிர, மனசுக்குள் ஒரே ஒரு எண்ணம்தான் திரும்பத் திரும்ப ஓடியது. விழுந்தது வலது கை.

அந்தக் கையை அவளைப்போல் அறிந்தவர் கிடையாது. எலும்பு வெட்டும் கனத்த கத்தியை நாளெல்லாம் ஓங்கிப் போட்டு உரமேறிய கை. சந்தையில் அவருக்கு 'ஒரே வெட்டு' என்றுதான் பெயர். எப்பேர்ப்பட்ட தொடை எலும்பானாலும் இரண்டாவது வெட்டு கிடையாது, ஒரு சில்லு தெறிக்காது. வாங்க வந்தவர்கள் அதை மெச்சிப் பேசும்போதெல்லாம் அவள் தராசைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அதே கை வீட்டுக்குள் வந்ததும் என்ன செய்யும் என்பது அவளுக்கல்லவா தெரியும். குழம்பில் உப்புக் கூடினால் அடி, குறைந்தால் அடி, சரியாக இருந்தால் ஏன் இன்றைக்கு மட்டும் சரியாக இருக்கிறது என்று அடி. இடது காது அவளுக்குப் பாதிதான் கேட்கும். கடைவாய்ப் பல் ஒன்று போனதை, மாடிப்படியில் விழுந்துவிட்டதாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது. ஆட்டுக்கு வாலை அளந்துதான் வைத்திருக்கிறான் என்பார்கள். இந்த ஆளுக்குக் கையை அளக்க மறந்துவிட்டானே என்று அவள் பலமுறை நினைத்ததுண்டு.

கை விழுந்த பிறகு மனுஷன் பஞ்சாகிவிட்டார். யார் பார்க்க வந்தாலும் கண்ணீர், மகள் தண்ணீர் கொடுத்தால் கண்ணீர். "நோய் ஆளைப் பக்குவப்படுத்திடுச்சு" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அவளும் ஆமாம் போட்டாள். ஆனால் மாறியது மனுஷன் இல்லை, கைதான் என்று அவளுக்குத் தெரியும். ஒருநாள் கஞ்சி ஆறிப்போயிருந்ததற்காக இடக்கையால் தட்டை எடுத்து அவளை நோக்கி ஓங்கினார். நிலைதடுமாறி அவரேதான் விழுந்தார். அதற்குப் பிறகு அந்த ஆசையை விட்டுவிட்டார். அந்த வீட்டில் முதன்முதலாக அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மென்று, ருசித்துச் சாப்பிட ஆரம்பித்தது அப்போதுதான்.

கடையை அவள் எடுத்துக்கொண்டாள். விடியலில் ஆட்டு வண்டி வந்து நிற்கும். அறுத்து உரித்துக் கொக்கியில் மாட்டுவதற்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டாள். துண்டு போடுவது அவளே. முதலில் இரண்டு வெட்டு, மூன்று வெட்டு ஆனது. எலும்புத்தூள் கறியோடு போகிறது என்று வாங்குபவர்கள் முகம் சுளித்தார்கள். போகப்போகக் கை பழகிவிட்டது. தோள் திரண்டது. வெயில் காலத்தில் ஐஸ் கட்டிகளுக்கு மேல் கறியைப் பரப்பி, ஈ ஓட்டிக்கொண்டே வியாபாரம் பார்ப்பாள். மத்தியானம் கடையைச் சாத்தியதும் வெட்டுமரத்தில் கல் உப்பைக் கொட்டிச் சுரண்டி, தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் சாய்த்து வைப்பாள். 'கடைக்காரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து 'இவளே' என்ற ஒரு பெயர் தவிர வேறு பெயரே காதில் விழாதவளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

மகளுக்குப் 'பொடிசு' என்று பெயர். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாள். இப்போது அப்பாவைவிட ஒரு தலை உயரம், ஆனால் பெயர் மாறவில்லை. அவள்மேல் அவர் கை வைத்ததே இல்லை. அடிப்பதற்கு ஒருத்தி இருந்தாள், கொஞ்சுவதற்கு ஒருத்தி இருந்தாள். இரண்டும் கலக்காமல் பார்த்துக்கொண்டார். கடையில்தான் அவள் வளர்ந்தாள். எந்த மூட்டில் கத்தியைக் கொடுத்தால் எலும்பில் படாமல் கழன்று வரும் என்று அவர் மடியில் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பொடிசுக்குத் தெரியாமலா இருக்கும்? பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். ஆனால் அப்பாவின் கை தொங்கிக் கிடந்ததைப் பார்த்ததும், தெரிந்ததையெல்லாம் அவள் மறந்துவிட்டாள். அதுதான் அம்மாவுக்கு வியப்பு, கொஞ்சம் கோபமும்கூட.

ஆஸ்பத்திரியில் கைகால் பழக்கிவிடும் பயிற்சியம்மா ஒருவர் இருந்தார். குள்ளமான, சத்தமாகப் பேசுகிற பெண். அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பொடிசு கற்றுக்கொண்டாள். வீட்டில் தினமும் சாயங்காலம் அப்பாவைச் சுவரோரம் நிறுத்தி, அவருடைய விரல்களைச் சுவரில் வைத்து, எறும்பு ஊர்கிற மாதிரி ஒவ்வொன்றாக மேலே நகர்த்த வைப்பாள். விரல் எட்டிய இடத்தில் அடுப்புக்கரியால் ஒரு கோடு. முதல் கோடு இடுப்புக்கு நேரே. அப்புறம் தொப்புள், அப்புறம் நெஞ்சு. புதுக் கோடு விழும் நாளெல்லாம் பொடிசு குதிப்பாள். "அம்மா, வந்து பாரேன்" என்பாள். அம்மா வந்து பார்ப்பாள். "நல்லா இருக்குடி" என்பாள். அடுப்படிக்குத் திரும்பிப் போனதும் குழம்பில் உப்பை இன்னொருமுறை ருசி பார்ப்பாள்.

ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது அந்தச் சுவரோரம் போய் நின்று பார்த்தாள். கோடு அவள் கன்னத்துக்கு வந்திருந்தது.

பயிற்சியம்மாதான் பொடிசின் மனதில் அந்த ஆசையை விதைத்தது. உன் கைக்கு இது வரும், முறையாகப் படி என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து பிசியோதெரபி காலேஜ் தவிர வேறு பேச்சில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷம் முழுக்க அவள் பாடப் புத்தகத்தைவிட அப்பாவின் கையைத்தான் அதிகம் படித்திருந்தாள். மார்க் கீழே கிடந்தது. காலேஜில் அவளைப்போலக் கரையோரம் நின்றவர்களை மட்டும் நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள். பொடிசு போய்வந்தாள். வந்தவள் சாப்பிடாமல் கடைக்குப் போய், அம்மா கழுவிக்கொண்டிருந்த வெட்டுமரத்தின் மறுபக்கம் குந்தி, தானும் உப்பைப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

விலா எலும்பு எத்தனை ஜோடி என்று கேட்டார்களாம். பதிமூன்று என்று சொல்லியிருக்கிறாள். புத்தகத்தில் பன்னிரண்டு என்று அவளே எத்தனையோ முறை படித்ததுதான். ஆனால் கேட்டதும் கைதான் எண்ணியிருக்கிறது. நினைவு தெரிந்த நாளிலிருந்து கொக்கியில் தொங்கும் ஆட்டின் நெஞ்சுக்கூட்டைத் தடவி எண்ணிய கை. ஆட்டுக்குப் பதிமூன்று. அங்கே ஒருவர் சிரித்துவிட்டாராம். பிறகு பலகையில் தோளை வரையச் சொல்லியிருக்கிறார்கள். தோளுக்குப் பின்னால் இருக்கும் சப்பை எலும்பை வரைந்தாள், கை எலும்பை வரைந்தாள். இந்தக் கையை உடம்போடு எது சேர்க்கிறது என்று கேட்டதற்கு, சதைதான் என்றாள். முன்னங்காலைக் கத்தி ஒன்றாலேயே கழற்றி எடுப்பதைத்தானே அவள் பார்த்திருக்கிறாள். சப்பைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் எலும்பு இருந்தால் அப்படிக் கழன்று வருமா?

"அப்புறம் அதுல பெரியவங்க ஒருத்தங்க எழுந்து வந்தாங்கம்மா. சிரிக்கல. எங்க வீட்டுல என்ன தொழில்னு கேட்டாங்க. சொன்னேன். இதோ, இங்க விரலை வெச்சாங்க." பொடிசு உப்புக் கையாலேயே அம்மாவின் கழுத்துக்குக் கீழே தொட்டாள். "காறை எலும்பு. ஆட்டுக்குக் கிடையாதாம். மனுஷனுக்கு இதுதான் கையைத் தூக்கிப் பிடிச்சிருக்காம். பென்சில் கனம்தான். இது முறிஞ்சா எவ்வளவு பெரிய பயில்வானா இருந்தாலும் கை தொங்கிடுமாம். இவ்வளவு நாளா அப்பா தோளைப் பிடிக்கிறேன், எனக்கு இது தோணவே இல்லையேம்மா."

அம்மா தன் கழுத்துக்குக் கீழே தடவிப் பார்த்தாள். தோலுக்கு அடியிலேயே இருந்தது. இத்தனை வருஷம் குளித்த உடம்பு, இப்படி ஒன்று இருப்பதை அவளும் கவனித்ததில்லை.

காலேஜிலிருந்து பதில் போனில் வந்தது. கடையைச் சாத்திவிட்டு மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்த நேரம். பொடிசு போனைப் பார்த்தாள், கவிழ்த்து வைத்தாள், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். என்ன என்று அப்பா கேட்டார். இடமில்லை என்று சொன்னாள். ஏன் என்று கேட்டார். மார்க் போதவில்லை, கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லவில்லை என்றாள். என்ன கேள்வி என்று அதையும் விடாமல் கேட்டார். அவள் மறைக்கத் தெரியாமல் விலா எலும்புக் கதையைச் சொன்னாள். வீட்டுத் தொழிலைச் சொன்னதையும், ஒருவர் சிரித்ததையும் சொன்னாள்.

"கசாப்புக்காரன் மகள்னு சிரிச்சானுங்களா?" என்று அவர் எழுந்தார். மெதுவாகத்தான் எழுந்தார். அம்மாவுக்கு அந்த எழுந்திருத்தல் தெரியும். தட்டை நகர்த்திவிட்டு அவளும் எழுவதற்குள் வலது கை மேலே போய்விட்டது. கன்னத்தைத் தாண்டி, காதைத் தாண்டி, தலைக்கு மேலே போய், அங்கிருந்து இறங்கியது. பொடிசு தட்டோடு சாய்ந்தாள். சோறு சுவரெல்லாம் தெறித்தது. உதடு கிழிந்து ரத்தம் முகவாயில் வழிந்தது.

அவள் விழுந்த இடத்திலிருந்தே அண்ணாந்து பார்த்தாள். அம்மா அந்த முகத்தைச் சாகிற வரைக்கும் மறக்கமாட்டாள். வலி இல்லை, அழுகை இல்லை. சந்தோஷம்.

"அப்பா, கை மேல வந்துடுச்சுப்பா" என்றாள்.

அவரும் தன் கையைப் பார்த்தார். புரட்டிப் புரட்டிப் பார்த்தார். காணாமல் போன கத்தி கிடைத்தவர் மாதிரி. பிறகு இன்னொருமுறை அடித்தார்.

அன்றைக்குக் கை அம்மா பக்கமும் திரும்பியது. தடுக்கப் போனவளை முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். கோடு கோடாகக் கரி படிந்த அதே சுவர். கன்னத்தில் கரியோடு எழுந்து நின்றவள், ஒரு விஷயத்தைக் கவனித்தாள். தனக்குப் பழைய பயம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, அதுவும் அவர்மேல் பாதி, பொடிசுமேல் பாதி. ஆடு கசாப்புக்காரனைத்தான் நம்பும் என்பது சும்மா சொன்னதில்லை.

சேதி கேட்டு அவளுடைய தம்பி வந்தான். ஆட்டு லாரி ஓட்டுகிறவன். வாயைத் திறந்தால் மூடமாட்டான், ஆனால் கெட்டவன் இல்லை. மருமகளின் வீங்கிய உதட்டைப் பார்த்தும் பார்க்காததுபோல், அடுத்து என்ன என்பதை அவனே எடுத்துப் பேசினான். காலேஜ் போனால் போகட்டும், உலகம் அதோடு முடிந்துவிடவில்லை என்றான். லாரி ஆபீசில் போன் எடுத்துப் பேச ஆள் வேண்டுமாம். இல்லையென்றால் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளலாம், மருந்துக்கடைப் படிப்புப் படிக்கலாம், கண்ணாடிக் கடையில் சேரலாம். இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது கல்யாணம், தோல் மண்டிக்காரர் மகன் நல்ல பையன், வாடை மட்டும்தான் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். "இந்த வீட்டுல வளர்ந்தவளுக்கு வாடை பெருசா மாமா?" என்று பொடிசு கேட்டாள். பாதி உதட்டால் சிரித்தாள்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒன்றும் வேண்டாம், கடைக்கு வரட்டும் என்றார். தனக்குத்தான் கை வந்துவிட்டதே, தான் வெட்டுவேன், மகள் எடை போடட்டும், இவள் வீட்டைப் பார்க்கட்டும். அடியாத மாடு படியாது, அடிச்சுப் படிக்க வைக்காதது என் தப்பு என்று ஒரு பழமொழியையும் சேர்த்துக்கொண்டார். தம்பிக்காரன் அக்காவைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்தாள். கடை கையை விட்டுப் போகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

பயிற்சியம்மா சொன்ன வழி ஒன்று இருந்தது. அதைப் பொடிசு யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம் மட்டும் சொன்னாள். ஆஸ்பத்திரிப் பயிற்சிக் கூடத்தில் உதவியாளாகச் சேரலாம். நோயாளியைத் தூக்கி நிறுத்த, பிடித்துக்கொள்ள, கட்டில் துடைக்க. ராத்திரிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, மார்க் குறைந்த கடைசி வருஷப் பரீட்சையை மறுபடி எழுதலாம். அடுத்த வருஷம் திரும்பக் காலேஜ் கதவைத் தட்டலாம். கிடைக்குமா என்றால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். "காறை எலும்பை இனிமே மறக்கமாட்டேன்" என்றாள் பொடிசு.

"போ" என்றாள் அம்மா. "சேர்ந்துக்கோ. ஆனா நான் சொல்றதைக் கேளு. அப்பா கையைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவை."

"கோபத்துல அடிச்சுட்டாரும்மா. என்னாலதானே அவருக்கு அவமானம். பாதியில விட்டா கை மறுபடி இறுகிடும். நோயாளியை விடக் கூடாது."

"நோயாளியா" என்று அம்மா ஜாக்கெட்டின் தோளை இறக்கிக் காட்டினாள். அன்று காலையில் விழுந்தது, இன்னும் நீலமாகக்கூட ஆகவில்லை. சிவப்பாக, ஐந்து விரலும் தனித்தனியாக. "இது உன் வேலைடி. விரல் எவ்வளவு நல்லாப் பிரிஞ்சு வருது பாரு."

பொடிசு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் சுவரோரம் போகவில்லை. அதற்கும் அடி விழுந்தது, இரண்டு பேருக்கும். அந்த வீட்டில் ஒரு வாரம் அப்படியே போனது. தட்டு உடைந்தது, நாற்காலிக் கால் முறிந்தது. உடைந்ததை அம்மா கூட்டிப் பெருக்குவாள், மகள் முறத்தைப் பிடிப்பாள். கையோ நாளுக்கு நாள் தேறியது. அடிப்பதும் ஒரு பயிற்சிதானே.

விடுமுறை நாள் வந்தது. கடைக்கு அன்றுதான் கூட்டம். அப்பா வெட்டுமரத்துக்கு முன்னால் நின்றுகொண்டார். எத்தனையோ நாளுக்குப் பிறகு 'ஒரே வெட்டு' வந்திருக்கிறார் என்று பழைய வாடிக்கையாளர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரே வெட்டு என்று சொல்ல முடியாது, ஒன்றரை வெட்டு ஆனது. ஆனாலும் மரம் அதிர்ந்தது. அவள் ஓரமாக நின்று தாள் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகு பழைய எடைக்கற்களுக்கு வேலையில்லை. தாள் பறக்காமல் இருக்க ஒரு இரும்புக்கல்லை மேலே வைத்திருந்தாள். ஒவ்வொரு தாளுக்கும் அதை எடுத்து எடுத்து வைக்கவேண்டியிருந்தது.

கூட்டம் கலைந்து, தலைகளும் கொழுப்பும் மட்டும் மிஞ்சியிருந்த வேளையில் பொடிசு வந்தாள். வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். பயிற்சிக் கூடத்து உதவியாட்கள் போடும் சட்டை. ஒளித்து வைத்துச் செய்யத் தெரியாத பெண், என்ன செய்வது. நேரே அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, நான் ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேர்ந்துட்டேன். நாளையிலேர்ந்து. கடைக்கு வரமாட்டேன்."

கண்டவன் காலைப் பிடித்துவிடுகிற வேலையா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றாள். மறுபடி எழுதிக் கிழிக்கப்போகிறாயா என்றார். ஆமாம் என்றாள். அந்த இரண்டாவது 'ஆமாம்' முடிவதற்குள் அவர் இடக்கையால் அவள் வலக்கை மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வெட்டுமரத்தின்மேல் அழுத்தினார். ஆட்டுக்காலை அழுத்தும் அதே பிடி. அவள் முழங்கால் தரையில் முட்டியது. வெள்ளைச் சட்டைக் கை கொழுப்பில் நனைந்தது.

"இந்தக் கைதானே போகப் பார்க்குது" என்றார். எலும்பு வெட்டும் கத்தி மேலே போனது.

மிரட்டத்தான் ஓங்கினாரோ, வெட்டத்தான் ஓங்கினாரோ. அது அவருக்கே தெரிந்திருக்காது. பொடிசு கத்தவில்லை. "அப்பா, அப்பா" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே விரல்களை உள்ளுக்கு மடக்கப் பார்த்தாள். விரல்கள் மடங்கவில்லை. அவர் அவ்வளவு நன்றாகப் பிடித்திருந்தார். கத்தி உச்சிக்குப் போய், ஒரு கணம் நின்றது. எலும்பின்மேல் இறங்குவதற்கு முன்னால் எப்போதும் நிற்கும் அதே கணம்.

அம்மா தாளின்மேல் இருந்த எடைக்கல்லை எடுத்தாள். எங்கே அடிக்க வேண்டும் என்று தேடவே இல்லை. கை தூக்கியிருந்ததால் சட்டைக் காலர் விலகி, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் அது மேடாகத் தெரிந்தது. இரண்டு கையாலும் ஓங்கிப் போட்டாள். இத்தனை நாள் எலும்பு வெட்டிப் பழகிய தோள் அவளுடையது.

காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. கத்தி அவருடைய முதுகுக்குப் பின்னால் விழுந்து, கழுவிய தரையில் சறுக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையோரம் நின்றது. கை அப்படியே தொங்கியது. அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இவளே" என்றார். வாய் கோணி, வெட்டுமரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஒரே வெட்டு" என்றாள் அவள். அவளுக்கே அது அவள் குரலாகத் தெரியவில்லை. கல்லை மறுபடி தாளின்மேல் வைத்தாள். சாக்கடையோரம் கிடந்த கத்தியை எடுத்து அவருக்கு எட்டாத இடத்தில் வைத்தாள்.

பொடிசு எழுந்து, மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். கறி துடைக்காத ஒரு துண்டைத் தேடி எடுத்து, முக்கோணமாக மடித்து, அப்பாவின் கையை நெஞ்சோடு சேர்த்து மடக்கிக் கழுத்தில் முடிச்சுப் போட்டாள். முடிச்சு எலும்பில் படாமல் பக்கவாட்டில் வரும்படி பார்த்துக் கட்டினாள். அவர் வலியில் முனகியபோது, மூச்சை மெதுவாக விடுங்கப்பா என்று சொல்லிக்கொடுத்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. கை மட்டும் நடுங்கவில்லை.

ஆஸ்பத்திரியில், கொக்கி மாட்டும் கம்பி மேலேயிருந்து கழன்று விழுந்துவிட்டது என்று அம்மா சொன்னாள். அப்பா மறுத்துப் பேசவில்லை. பெண்டாட்டி அடித்து எலும்பு முறிந்தது என்று சொல்ல எந்த வெட்டுக்காரனுக்கு வாய் வரும்? பயிற்சியம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பொடிசின் உதட்டைப் பார்த்தார், அம்மாவின் கன்னத்தைப் பார்த்தார். "கம்பி நல்ல இடமாப் பார்த்துத்தான் விழுந்திருக்கு" என்றார். பிறகு அம்மாவை மட்டும் தனியாக அழைத்துப் போய், இன்னொரு கம்பி விழுவதற்குள் தன்னிடம் வர வேண்டும், இரவானாலும் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

எலும்பு கூடும்வரை வீடு அமைதியாக இருந்தது. அவள் கடைக்குப் போனாள், வெட்டினாள், மரத்தைக் கழுவிச் சாய்த்தாள். பொடிசு ஆஸ்பத்திரிக்குப் போனாள், அங்கிருந்தே படிக்கப் போனாள், களைத்து வந்து புத்தகத்தின்மேலேயே தூங்கினாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மறுபடி கண்ணீர் வர ஆரம்பித்திருந்தது. அக்கம்பக்கத்தில் மறுபடி பக்குவம் என்றார்கள். அவள் இந்த முறை ஆமாம் போடவில்லை. எடைக்கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள். அவரும் அதைப் பார்த்தார்.

கட்டு அவிழ்த்த அன்று சாயங்காலம், பொடிசு வீட்டில் இருந்த நேரமாகப் பார்த்து, அவராகவே எழுந்து சுவரோரம் போய் நின்றார். கை குச்சியாக, ஒட்டிப்போய் இருந்தது. "பழக்கும்மா" என்றார்.

பொடிசு உள்ளே போனாள். கரி எடுத்துவரப் போகிறாள் என்றுதான் அம்மா நினைத்தாள். ஈரத்துணியோடு வந்தாள். சுவரில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கோட்டை முதலில் துடைத்தாள். அதற்கு அடுத்தது, அதற்கும் அடுத்தது. நெற்றிக்கு நேரே இருந்தது, கன்னத்துக்கு நேரே இருந்தது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். வாய்க்கு நேரே இருந்த கோட்டுக்கு வந்ததும் துணியை நிறுத்தினாள்.

"இதுவரைக்கும் பழக்குறேன்பா. சோறு சாப்பிடலாம், தண்ணி குடிக்கலாம், சட்டைக்குப் பட்டன் போட்டுக்கலாம். இதுக்கு மேல பழக்கமாட்டேன்."

"இதுதான் நீ படிக்கப்போற லட்சணமா?" என்றார் அவர். "நோயாளியை இப்படிப் பாதியில விடுறதுக்கா சொல்லித்தர்றாங்க?"

"படிச்சவங்க அப்படி விடக் கூடாது. முழுசாத்தான் பார்க்கணும். எனக்குத்தான் சீட்டு கொடுக்கலையே. மார்க் இல்லாதவ இவ்வளவுதான் பழக்குவா."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தரையில் உட்கார்ந்து கத்திக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தாள். "இவளே, நீயாவது சொல்லேன். வாய் வரைக்கும் எட்டுற கையை வெச்சுக்கிட்டு எலும்பு எப்படி வெட்டுறது? வெட்டுறதுக்குக் கை ஓங்கணும்ல?"

"வெட்டுறதுக்கு நான் இருக்கேன்" என்றாள் அவள். தலையை நிமிர்த்தவில்லை. சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்துக்கொண்டாள்.

அவர் சுவரைப் பார்த்தபடியே நின்றார். பிறகு, இத்தனை நாளில் முதல்முறையாக, அந்தக் காலேஜில் அடுத்தது எப்போது ஆள் எடுப்பார்கள் என்று மகளிடம் கேட்டார். கேட்டது மகளின் படிப்புக்காகவா, மீதிக் கைக்காகவா என்று மூன்று பேருக்கும் தெரியும். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ வருஷமாக அந்த வீட்டில் அவள் சத்தமாகச் சிரித்தது கிடையாது. பொடிசும் சிரித்தாள், உதட்டுத் தழும்பு சுருங்க. "நான் பாஸாகி வரட்டும், அப்பப் பார்க்கலாம்" என்றாள்.

அவருடைய விரல்களை எடுத்து இடுப்புக்கு நேரே சுவரில் வைத்தாள். நடக்க விடுங்க என்றாள். விரல்கள் நடுங்கிக்கொண்டே ஊர்ந்தன. தொப்புள், நெஞ்சு, கழுத்து. நெற்றியில் வியர்வை அரும்பியது. வாய்க்கு நேரான கோட்டைத் தொட்டதும் கொஞ்சம் நின்றார். பிறகு துடைத்த ஈரம் இன்னும் காயாத சுவரில் ஆள்காட்டி விரலை மேலே வைக்கப் பார்த்தார்.

சாணை பிடிக்கும் சத்தம் நின்றது.

"போதும்பா" என்றாள் பொடிசு.

அவர் கையை இறக்கினார்.